ஆழ்துளைக் கிணற்றின் கணக்கு

செங்கல்பட்டுப் பகுதியில் இருபது லிட்டர் கேன்களில் குடிநீர் அடைக்கும் ஓர் ஆலையில், முதலில் தரக் கட்டுப்பாட்டிலும் பின்னர் உற்பத்திப் பொறுப்பிலும் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இத்தொழிலில் நீர்ச் சிக்கனம் என்றாலே, ஒரு லிட்டர் விற்பதற்கு எத்தனை லிட்டர் எடுக்கிறோம் என்ற விகிதத்தைத்தான் பேசுவார்கள். அந்த விகிதம் அவசியமானதுதான். ஆனால், அதை மட்டும் வைத்து ஓர் ஆலையின் நீர் மேலாண்மையை மதிப்பிடக் கூடாது என்பதை வேலையே எனக்குக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று (போர்) நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்குச் சுமார் 900 மில்லிகிராம். அடைக்கப்பட்ட குடிநீருக்கான ஐ.எஸ். 14543 தரநிலை 500-க்கு மேல் அனுமதிப்பதில்லை என்பதால், மெம்பரேன் எனும் நுண்சவ்வின் வழியாக நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இல்லாமல் முடியாது. மெம்பரேனுக்குள் செல்லும் நீரில் 60 சதவீதத்தை நல்ல நீராகப் பிரித்தால், உப்பு ஏறக்குறைய முழுவதும் எஞ்சிய 40 சதவீதத்தில் திரண்டு, கழிவாக வெளியேறும் அந்த ரிஜெக்ட் நீரின் டி.டி.எஸ். 2200-ஐ நெருங்கும். நல்ல நீராகப் பிரிக்கும் பங்கை 75 சதவீதமாக உயர்த்தினால் அது 3500-ஐ நெருங்கும். மெம்பரேனில் படிவு கட்டாமல் காப்பதே தனி வேலையாகிவிடும். ரிஜெக்ட் நீரில் கேன் கழுவினால், உலர்ந்ததும் கழுத்தருகே வெள்ளைத் திட்டு தங்கும். ஆகவே அதைத் தரை, கழிப்பறை, வண்டி கழுவுவதற்கு ஒதுக்கிவிட்டு, கேனின் கடைசி அலசலில் வரும் சுத்தமான நீரைச் சேமித்து அடுத்த கேனின் முதல் கழுவலுக்குத் திருப்பினோம். சிலர் ரிஜெக்ட் நீரை மீண்டும் போருக்குள்ளேயே விட்டு, அதை நிலத்தடி நீர் செறிவூட்டல் என்கிறார்கள். அது ஊர் முழுவதும் குடிக்கும் நீரில் உப்பை ஏற்றும் செயல்; எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்கத்தக்கதல்ல.

இத்தனையும் ஆலைச் சுவருக்குள் நடப்பவை. எங்கள் பகுதி சார்னோகைட் என்னும் கடினப் பாறை நிலம். மேலடுக்கில் சிதைந்த பாறையில் தேங்கும் நீரே அதன் கீழுள்ள விரிசல்களின் வழியாக எங்கள் போருக்கு வருகிறது. அண்டை நிலங்களின் திறந்த கிணறுகளுக்கும் அதே நீர்தான். காலையில் மோட்டாரைப் போடுவதற்கு முன், போருக்குள் இறக்கிவைத்த சிறிய பி.வி.சி. குழாய் வழியாக அளவு டேப்பை விடுவோம். அதன் முனை நீரைத் தொட்டதும் ஒலி எழும், அந்த ஆழத்தைப் பதிவேட்டில் எழுதுவோம். வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஜனவரியில், மாலையில் மோட்டாரை நிறுத்திய சில மணி நேரத்தில் மட்டம் பழைய நிலைக்கு ஏறிவிடும். மே மாதத்திலோ விடிந்த பிறகும் முந்தைய நாள் காலை மட்டத்தை எட்டாது. கேன் அதிகம் விற்பதும் அந்த மாதத்தில்தான். விகிதத்தில் மிகச் சிறந்த ஆலைகூட அப்போது ஊராரின் நீரையே இறைத்துக்கொண்டிருக்கும்.

கூரை மழைநீர் சேகரிப்பு இதை ஈடுசெய்யும் என்று பலரும் நம்புகிறார்கள். 1000 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்குச் சுமார் 1200 மி.மீ. மழை பெய்தால், வழியில் இழப்பது போகக் கிடைப்பது ஏறத்தாழ 10 லட்சம் லிட்டர். நாளொன்றுக்கு 80,000 லிட்டர் எடுக்கும் ஆலைக்கு அது இரண்டு வாரத்துக்கும் போதாது. உண்மையான செறிவூட்டல் ஊர் ஏரியிலும் அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயிலும்தான் நடக்க வேண்டும். தூர்வாரும் செலவில் ஆலைகள் பங்கேற்பது தானதர்மம் ஆகாது, எடுத்த நீருக்கான கடன்.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உரிய அனுமதியின்றி நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தொழிலில் உள்ளோர் பலர் கொதித்தார்கள். எனக்கு அந்த உத்தரவு நியாயமாகவே பட்டது. தமிழகத்தில் நிலத்தடி நீர் நிலையைப் பகுதி வாரியாக வகைப்படுத்துகிறார்கள். ஆனால் ஒரே பகுதிக்குள் பாறையின் தன்மை ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகவே அனுமதியில் ஒரே அளவை ஆண்டு முழுவதற்கும் எழுதிவிடாமல், அந்தந்த ஆலையின் காலை மட்டத்தோடு இணைத்து, மட்டம் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே இறங்கினால் இறைப்பு நேரத்தையும் குறைக்கும்படி விதிக்க வேண்டும். அந்தப் பதிவேடு ஊராட்சி அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். எங்கள் ஆலையில் கோடையில் ஒரு ஷிப்ட்டை நிறுத்தும் முடிவு, அந்த எண்களை வாரந்தோறும் நிர்வாகத்தின் முன் வைத்த பிறகே சாத்தியமாயிற்று.