சலப்பைக்குள் பச்சை லேசர்

சலப்பைக்குள் (சிறுநீர்ப்பைக்குள்) விடும் பீசீஜி என்ற நோயெதிர்ப்பு மருந்து ஏற்றியும் என் சலப்பைப் புற்றுநோய் திரும்ப வந்தது. கட்டியாக இல்லை, உட்சுவரில் தட்டையாகப் படர்கிற வகை. தசைக்குள் இறங்கிவிட்டால் ஆபத்து அதிகம் என்பதால், சலப்பையை எடுத்துவிடலாம் என்றார் டொக்டர். எடுத்தால் குடலில் ஒரு துண்டை வெட்டிச் சலம் வெளியேற வழிசெய்து, வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு திரியவேண்டும். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் றொறன்ரோவில் நடக்கும் ஒளிச் சிகிச்சை ஆய்வைப் பற்றிச் சொன்னார்.

சொந்தக்காரர் எல்லாரும் இதை ரேடியேஷன் என்றே நினைத்தார்கள். அது வேறு, இது வேறு. டிஎல்டி-1433 என்ற மருந்தைச் சலப்பைக்குள் விடுவார்கள். ருதீனியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்து அது. புற்றுநோய்க் கலங்கள் அதை உறிஞ்சிக்கொண்ட பிறகு பச்சை லேசரைக் காட்டினால், அங்கே உள்ள ஒட்சிசன் நச்சாக மாறி அந்தக் கலங்களைக் கொல்லும்.

ஒளிச் சிகிச்சை கனடாவுக்குப் புதிதும் இல்லை. சலப்பைப் புற்றுநோய்க்கு ஃபோட்டோஃபிரின் என்ற மருந்தை 1993லேயே இங்கு அனுமதித்துவிட்டார்கள். அதை இரத்த நாளத்தில் ஏற்றுவார்கள், பிறகு கிழமைக்கணக்கில் வெயில் படக்கூடாது. அதற்குக் காட்டிய சிவப்பு ஒளி ஆழமாக இறங்கித் தசையையும் சுட்டதில், சிலருக்குச் சலப்பை சுருங்கிப்போனது. இதை வாசித்துவிட்டு நான் பயந்துதான் போனேன். பச்சை ஒளி அவ்வளவு ஆழம் போகாது, மருந்தும் சலப்பையோடு நின்றுவிடும் என்று தாதி விளக்கிய பிறகுதான் சரி என்றேன்.

சிகிச்சை அன்றைக்குக் கதீற்றர் குழாய் வழியாக மருந்தைச் சலப்பைக்குள் விட்டு ஒரு மணித்தியாலம் அளவில் வைத்திருந்தார்கள். அப்புறம் மயக்கமருந்து. சலப்பையைக் கழுவி, சுருக்கம் விரிய நீர் நிரப்பி, நடுவில் லேசர் ஒளியைக் கொண்டுபோகும் மெல்லிய இழையை நிறுத்தி எல்லாப் பக்கமும் ஒளி பரவவிடுவார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது, நல்ல நித்திரை.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான். எரிவு, சலத்தில் இரத்தம், இருந்தாற்போல் முட்டிக்கொண்டு வரும் அவசரம். ஸ்காபரோவில் எந்த டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் கழிப்பறை திறந்திருக்கும் என்று கேட்டால் இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன். இரவில் நித்திரை இல்லாததுதான் ஆளைக் கொன்றது. தண்ணீரைக் குறைத்தால் எரிவு கூடும், ஆகவே குடிக்கத்தான் வேண்டும்.

மூன்று மாதத்தில் ஸ்கோப் (கமரா உள்ள மெல்லிய குழாய்) போட்டுச் சலப்பைக்குள் பார்த்தார்கள், சுவர் சுத்தம். திட்டப்படி 180ஆம் நாளளவில் இரண்டாவது முறையும் லேசர் வைத்தார்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப்பும் சலப் பரிசோதனையும்.

எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. இப்படியான ஆய்வில் சேர நினைப்பவர்கள், "நோய் திரும்ப வந்தால் சலப்பையை எடுக்க எவ்வளவு காலம் பொறுக்கலாம்?" என்று முதலிலேயே கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகுதான் நான் கையெழுத்து வைத்தேன். சத்திரசிகிச்சை டொக்டரிடம் போவதையும் விடவில்லை.