குன்னூர் வரை போய் வந்த 8 கேபி

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றின் எடை மேடையில் பச்சை இலை மூட்டைகள் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று பார்க்க, சி-யில் ஒரு சிமுலேட்டர் எழுதினேன். விவசாயி ஒவ்வொருவரும் ஒரு ப்ராசஸ், அதாவது தன் பாட்டுக்கு ஓடி, நின்று, தொடரும் ஒரு வேலை. மொத்தம் 2000 பேர்.

முதலில் ஆளுக்கொரு பிதிரெட் (ஆபரேட்டிங் சிஸ்டம் தனித்தனியாக ஓட்டும் திரெட்), முறை வரும்வரை அதை நிறுத்தி வைக்க ஆளுக்கொரு செமஃபோர். ஓடியது, ஆனால் ஆமை வேகம். அடுத்து, ஒரே திரெட்டுக்குள் ஆளை மாற்றி மாற்றி ஓட்டும் மேக்கான்டெக்ஸ்ட், ஸ்வாப்கான்டெக்ஸ்ட் வைத்து இன்னொரு வடிவம். இரண்டில் எதை வேண்டுமானாலும் மாற்றிப் போட நான்கு ஃபங்ஷன் பாயின்டர் உள்ள ஒரு ஸ்ட்ரக்ட். ஒரு மாலையில் முடிந்தது.

அப்புறம்தான் தொல்லை ஆரம்பித்தது. புது வடிவத்தில் முந்நூறு விவசாயிகளைத் தாண்டுவதற்குள் செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு புரோகிராம் விழுந்தது. எங்கே என்று பார்க்க ஒரு பிரின்ட்எஃப் சேர்த்தால் விழும் இடமே மாறுகிறது. பிழை தேட உதவும் ஜிடிபி காட்டிய பேக்ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) பாதி கேள்விக்குறி. ஒரு வாரமாக மழை, மூடுபனி, துணியே காயவில்லை. லேப்டாப்பில் ஈரம் இறங்கி ராம் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, பஸ் ஏறிக் குன்னூர் போனேன். கடைக்காரர் ஒன்றரை மணி நேரம் சோதித்துவிட்டு, "ராம் நல்லாத்தான் இருக்கு தம்பி, வேற ஏதாச்சும் பாருங்க" என்றார். அரை நாள் போச்சு. ஒரு பாக்கெட் வர்க்கிதான் மிச்சம்.

இரவு எரிச்சலில் அதே டேட்டாவைப் பழைய திரெட் வடிவத்தில் ஓட்டினேன். 2000 பேரும் சமர்த்தாக எடை போட்டுவிட்டுப் போனார்கள்! சரி, ராமும் இல்லை, என் கணக்கும் இல்லை. லினக்ஸில் திரெட்டுக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தங்கள் லோக்கல் வேரியபிள்களை வைக்கும் இடம்). புது வடிவத்தில் ஆளுக்கு நான் மேலாக்கில் (நினைவகம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) கொடுத்ததோ 8 கேபி. லாக் எழுதும் ஃபங்ஷனில் 4096 பைட் பஃபர், அதைக் கூப்பிடுகிற ஃபங்ஷனில் இன்னொரு 4096. மிச்சம் என்ன இருக்கும்? ஒரு விவசாயியின் ஸ்டாக் வழிந்து பக்கத்தில் இருப்பவரை மிதித்திருக்கிறது. விழுந்தவர் அந்தப் பக்கத்து அப்பாவி.

இப்போது ஆளுக்கு எம்மேப்பில் வாங்கிய 64 கேபி ஸ்டாக், அடியில் எம்ப்ரொடெக்ட் போட்டுப் பூட்டிய பக்கங்கள் (4 கேபி துண்டுகள்); வழிந்து அதைத் தொட்டால் அங்கேயே விழும். ஒரே ஒரு பக்கம் விட்டால் போதாது. அந்த 4 கேபி பஃபர் ஒரே தாவலில் அதைத் தாண்டிவிடலாம். நான் நான்கு விட்டேன். ஒரு கான்டெக்ஸ்ட் முடிந்ததும் அடுத்து எங்கே போவது என்று சொல்லும் யூசி_லிங்க்கை நல் (NULL, காலி) ஆக விட்டுவிடாதீர்கள். ஒரு விவசாயி ரிட்டர்ன் ஆனதும் மொத்தப் புரோகிராமும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். அதற்கு எனக்கு இன்னொரு இரவு செலவானது.

ஸ்வாப்கான்டெக்ஸ்ட் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சிக்னல் மாஸ்குக்காக (எந்தெந்த சிக்னலைத் தடுப்பது என்ற பட்டியல்) கெர்னலைக் கூப்பிடுவது உறுத்துகிறது. மூன்றாவதாக அசெம்ப்ளியில் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். திரெட் வடிவத்தை அழிக்கவில்லை; தினமும் இரண்டு வடிவங்களின் லாக்கையும் டிஃப் போட்டு ஒப்பிட்டுத்தான் படுக்கிறேன்.