அந்த வெள்ளைப் புள்ளி என்ன?

போன ஆடியில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு படம் கொண்டுவந்தார். மஞ்சள் பை, அதற்குள் மடித்த தினசரி, அதற்குள் கறையான் ஓரம் அரித்த அட்டை. ஆறு பேர் இருக்கும் குடும்பப் படம். நடுவில் உட்கார்ந்திருந்த கிழவியை மட்டும் தனியாக எடுத்து, பெரிதாக்கி, பிரேம் போட்டுத் தர வேண்டும்.

மதுரை கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் இருபது வருஷமாக இதுதான் என் பிழைப்பு. தொழிலில் டச்சிங் என்போம். கிழிசல், பூஞ்சை, குங்குமக் கறை, அட்டையோடு ஒட்டிப் பிய்ந்த முகம், எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேன் போட்டேன். கிழவியின் தோளுக்கு மேலே வெள்ளையாக ஒரு சொட்டு. ஈரம் பட்ட தடம் என்று நினைத்து, ஹீலிங் பிரஷ்ஷில் ஒரே தேய்ப்பு. நாலு வினாடி வேலை.

வாங்க வந்தவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் நல்லாருக்கு தம்பி. அப்பத்தா தண்டட்டிய எங்க காணோம்?"

நான் அழித்தது கறை இல்லை. வெயில் பட்டு மின்னிய தண்டட்டி, கிழவிகள் காதில் தொங்கும் கனத்த நகை. அதை விற்றுத்தான் அவர்கள் வீட்டுக் கிணறு வெட்டினார்களாம். ஆக, அந்தத் தண்டட்டி இருந்த ஒரே இடம் அந்த அட்டைதான். நல்லவேளை, அட்டை அவரிடம் இருந்தது. திரும்ப ஸ்கேன் போட்டேன். காசு வாங்கவில்லை. அவர் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

அந்த வாரத்தில்தான் யோஷிதோ மட்சுஷிகேவின் படங்களை உட்கார்ந்து பார்த்தேன். ஹிரோஷிமாவில் சூகோகு ஷிம்புன் பத்திரிகையின் படக்காரர். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15க்குக் குண்டு விழுந்தபோது மையத்திலிருந்து 2.7 கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்தார். கேமராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கையில் இருந்த பிலிமில் 24 படம் எடுக்கலாம். அன்று முழுக்க அவர் அழுத்தியது ஏழு முறை. தேறியது ஐந்து.

முதல் படம் மியுகி பாலத்தில், பதினோரு மணிக்கு மேல். தோல் உரிந்து தொங்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தீப்புண் ஆற எண்ணெய் தடவுகிறார்கள். அங்கே நின்று 20 நிமிஷம் கழித்துத்தான் அவரால் பொத்தானை அழுத்த முடிந்ததாம். இரண்டாவது படத்துக்குக் கொஞ்சம் கிட்டே போனபோது, கண்ணீரில் வியூஃபைண்டர் மங்கிவிட்டது என்று பிற்காலத்தில் சொன்னார். அப்புறம் எரிந்த டிராம் வண்டி ஒன்றின் படியில் கால் வைத்து உள்ளே பார்த்தார். பிணங்கள். எடுக்காமல் இறங்கிவிட்டார். மிச்ச மூன்றில் இரண்டு, அவர் மனைவியின் முடிதிருத்தும் கடை நொறுங்கிக் கிடப்பதும் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்ததும். கடைசியில், தலையில் கட்டுப் போட்ட ஒரு போலீஸ்காரர் சாலையோரம் உட்கார்ந்து சான்றிதழ் எழுதிக்கொடுக்கிறார். இத்தனைக்கும் நடுவில் சான்றிதழ்!

இனி சொல்வது தொழில் தெரிந்தவன் வயிற்றைப் பிசையும் பகுதி. டார்க் ரூம் போய்விட்டது. இருபது நாள் போல் காத்திருந்து, ராத்திரியில், திறந்த வெளியில் பிலிமைக் கழுவினார். ஓடைத் தண்ணீரில் அலசி, கருகிய மரக்கிளையில் காயப் போட்டார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ மருந்தில் இருந்து எடுத்த நெகட்டிவை ஓடுகிற தண்ணீரில் அரை மணி நேரம் காட்டச் சொல்வார். ஹைப்போ தங்கினால் பின்னால் படம் பழுத்துவிடும். எங்கள் உப்புத் தண்ணீரோ, கொடியில் காயும்போதே வெள்ளைத் திட்டு விட்டுவிடும். அதற்கே திட்டு விழும். ஓடையும் கிளையும் என்றால் என்ன ஆகும்? மட்சுஷிகேவின் படங்களில் கீறல், புள்ளி, திட்டு எல்லாமே இருக்கின்றன.

மியுகி பாலப் படத்தை என் கணினியில் திறந்தேன். பொய் சொல்ல மாட்டேன், கை அரித்தது. முழுக்கச் சுத்தம் பண்ண ஒன்றரை மணி நேரம் போதும்.

ஆனால் அந்தப் படத்தில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், நான்தான் அது என்று பிற்காலத்தில் சொன்னார். சுனாவோ சுபோய், அன்றைக்கு 20 வயது மாணவர். பிழைக்க மாட்டோம் என்று நினைத்து, அந்தப் பாலத்தடியில் கல்லை எடுத்து, சுபோய் இங்கே இறந்தான் என்று தரையில் எழுதினாராம். பிழைத்தார். அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களின் தலைவர்களில் ஒருவரானார். 2016இல் ஒபாமா ஹிரோஷிமா வந்தபோது அவர் கையைப் பிடித்துப் பேசியவர் சுபோய்தான். 2021இல் காலமானார். எனக்கு என்னவோ அந்தப் படத்தில் மொட்டைத் தலையும் முதுகுமாக மங்கிய உருவங்கள். எது திட்டு, எது தோல் என்று அதில் நான் எதை வைத்து முடிவு செய்வேன்?

தமுக்கம் காந்தி மியூசியத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது, இதை ஏன் துவைக்கவில்லை என்று கேட்டவன் நான். வாத்தியார் என் தலையில் கொட்டினார்.

இப்போது வருகிறவர்கள் கலர் கேட்கிறார்கள். செல்போனிலேயே ஆப் இருக்கிறதாம். அது பாட்டிக்கு இல்லாத பல்லெல்லாம் வைத்து, வேறு யாரோ பாட்டியாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. ஜப்பானிலும் கலர் போடுகிறார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிதெனோரி வதனாவேயும் ஹிரோஷிமாவைச் சேர்ந்த அஞ்ஜு நிவாதாவும் பழைய கறுப்புவெள்ளைப் படங்களுக்கு ஏஐ மூலம் வண்ணம் கொடுக்கிறார்கள். கொடுத்தபின் அந்தக் காலத்து ஆட்களிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்துகிறார்கள். கலரைவிட அந்த உட்கார்ந்து கேட்கிற வேலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நானும் அதையே பிடித்துக்கொண்டேன். முதலில் ஸ்கேன் போட்டதை அப்படியே தனியாகச் சேமித்துவிடுகிறேன். அதில் கை வைப்பதில்லை. அப்புறம் வாடிக்கையாளரைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு திட்டாக விரல் வைத்துக் கேட்கிறேன். இதனால் ஒரு நாளைக்கு ஆறு படம் முடித்த இடத்தில் மூன்றுதான் முடிகிறது. வீட்டில் இதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் மேலூரிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கல்யாணப் படம். ஐந்து இடத்தில் விரல் வைத்தேன். முதலாவது குத்துவிளக்கின் சுடர். இரண்டாவது ஆரத்தித் தட்டு. மூன்றாவது, முந்தானைக்குப் பின்னால் ஒளிந்த தம்பியின் முழங்கை. நாலாவது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, விட்டுவிடச் சொன்னார். ஐந்தாவதை நான் பயபக்தியோடு காட்டினேன்.

"அது காப்பிக் கறை தம்பி. நான்தான் கொட்டினேன். எடுத்துருங்க."