அரைக்கால் றாத்தல் பாண்

1995 ஒக்டோபர் 30இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். ஏறத்தாழ ஆறு மாதம் தென்மராட்சியில் இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் எட்டாம் வகுப்பு வாங்கில் வந்து உட்கார்ந்தோம்.

முதல் நாள் ரீச்சர் பழைய இடாப்பைத் திறந்து ஒரு பெயரும் விடாமல் கூப்பிட்டார். பதில் வராத பெயருக்கு, "ஆரும் கண்டனீங்களோ?" என்று கேட்டார். "கொடிகாமத்திலை கண்டனான் ரீச்சர்", "வன்னிக்குப் போட்டினமாம்." கேட்டதைப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

என் அப்பாவும் வன்னிக்குள்தான் நின்றார். கடிதம் இல்லை. நான் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை. அந்தத் தவணைச் சோதனையில் கணிதத்துக்கு 18 புள்ளி.

"பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு கொஞ்சம் நில் ராசா" என்றார் ரீச்சர். அடி விழும் என்று நினைத்தேன். வேப்பமரத்தடியில் இருத்திவிட்டு, "காலமை என்ன சாப்பிட்டனி?" என்று கேட்டார்.

"பாண்."

"எவ்வளவு?"

"அரை றாத்தல். நாலு பேருக்கு."

"அப்ப உனக்கு?"

யோசித்து, "அரைக்கால் றாத்தல்" என்றேன். கொப்பியில் எழுதிக் காட்டினார்: அரையை நாலால் வகுத்தால் எட்டில் ஒன்று. "நீ பிழை விட்ட அஞ்சாம் கணக்கு இதுதான்." அதற்குப் பிறகுதான், "அப்பாட்டை இருந்து கடிதம் வந்ததோ?" என்றார். நான் அழுது முடியும்வரை ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தார். அந்தத் தவணை முழுவதும் கிழமைக்கு இரண்டு நாள் அந்த மரத்தடியில் படித்தேன்.

ரொறன்ரோவில் எங்கள் பழைய மாணவர் சங்கம் கூடும்போதெல்லாம் கட்டடம், திறன்பலகை, உயர்தரத்தில் முதலாவதாக வந்தவருக்குப் பரிசு என்றுதான் பேசுகிறோம். நல்லது, செய்வோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு வீடே கூடிநின்று படிப்பிக்கிறது. சாதாரண தரத்துக்கு ரியூசன் இருக்கிறது. இடையில் ஆண்டு 6 முதல் 9 வரை பெரிய சோதனை எதுவும் இல்லாதபடியால் அந்தப் பிள்ளைகளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குரல் உடைகிற, சிநேகிதம் முறிகிற, வீட்டுச் சண்டை விளங்கத் தொடங்குகிற வயது அது. பின்னத்தை அங்கே விட்ட பிள்ளை அட்சரகணிதத்தில் தடுமாறக்கூடும். போர் முடிந்துவிட்டது, சரி. அப்பா வெளிநாட்டில், அம்மா வேலையில் என்றிருக்கும் வீடுகளில் பிள்ளை யாரிடம் கதைக்கும்?

பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு மணித்தியாலம் நிற்க இரண்டு ஆசிரியர்களுக்குச் சங்கம் கொடுப்பனவு கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். முதல் வருடத்துக்கான என் பங்கை அடுத்த கூட்டத்திலேயே தருகிறேன். பிள்ளைகளுக்குத் தேநீரும் பணிசும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.