கடைசியில் வந்தவர்களை முன்னால் ஓடவிட்ட செக்

நேற்று சிலாங்கூரில் செமினி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நடந்த ஹேஷ் ஓட்டத்துக்கு நான்தான் ஹேர், அதாவது பாதை போடுகிறவன். மற்றவர்கள் தேடிப் பிடித்து ஓட, எட்டு கிலோமீட்டருக்கு அடையாளமாகப் பேப்பர் துண்டுகளைப் போட்டேன். பறக்கிற பையன்களும் முழங்கால் வலியோடு நடக்கிற அங்கிள்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வந்து சேர்ந்தார்கள். ஹேஷ் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று.

அத்தனையும் மூன்றாவது செக்கின் வேலை. செக் என்றால் பேப்பர் தடம் நின்றுபோகும் இடம்; அங்கே ஒரு வட்டம் இருக்கும், நிஜப் பாதை எங்கே தொடர்கிறது என்று ஓடுகிறவர்கள்தான் தேடவேண்டும். செம்பனையில் செக் வைப்பது பெரிய தலைவலி. மரங்கள் நேர் வரிசையில் நிற்கும். ஒரு பார்வை பார்த்தாலே அடுத்த பேப்பர் தெரிந்துவிடும், முன்னால் ஓடுகிறவன் நிற்கவே மாட்டான். பெலுக்கார் என்கிற புதர்க்காட்டுக்குள் இந்தத் தொல்லை இல்லை, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அதனால் இந்த முறை வரிசைகளுக்கு நடுவே வெட்டி அடுக்கியிருக்கும் ஓலைக் குவியல்களைப் பயன்படுத்தினேன். செக் வட்டத்தை மேட்டின் உச்சியில் வைத்தேன். நிஜப் பாதையை அங்கிருந்து தொடங்கவில்லை. வந்த வழியிலேயே நூறு மீட்டர் பின்னால், ஓலைக் குவியலைத் தாண்டி, ஓடைப் பக்கம் இறக்கிவிட்டேன். உச்சியிலிருந்து மூன்று திசைக்கும் பொய்ப் பேப்பர்.

பையன்கள் மூன்று பக்கமும் சிதறினார்கள். கீழேயிருந்து "ஆர் யூ?" (வழி கிடைத்ததா?) என்று கேட்டால் மேலேயிருந்து "செக்கிங்!" (இன்னும் தேடுகிறோம்) மட்டும்தான் பதில். அதற்குள் மூச்சு வாங்க ஏறிவந்த அங்கிள் ஒருவர் ஓலைக்குப் பின்னால் வெள்ளைப் பேப்பரைப் பார்த்துவிட்டார். வழி கிடைத்துவிட்டது என்று அவர் போட்ட "ஆன் ஆன்" சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது. அடுத்த ஒரு கிலோமீட்டருக்கு அவர்தான் முதல் ஆள்!

1938இல் கிஸ்பர்ட் என்பவரும் நண்பர்களும் கோலாலம்பூரில் தொடங்கிய ஓட்டம் இது. 1950இல் சங்கமாகப் பதிவு செய்தபோது எழுதிய நோக்கங்களில் ஒன்று, மூத்த உறுப்பினர்களுக்கு நீங்கள் நினைக்கிற அளவு வயதாகிவிடவில்லை என்று புரியவைப்பது. செக் சரியாக அமைந்தால்தான் அது நடக்கும். செக் இல்லாத பாதை வெறும் பந்தயம்.

பேப்பர் பற்றியும் சொல்லவேண்டும். கோதுமை மாவு நம் சாயங்கால மழைக்கு நிற்காது. பழைய செய்தித்தாள் காய்ந்த ஓலையோடு கலந்துவிடும். காஜாங்கில் ஒரு அச்சகத்தில் ஓரம் வெட்டிய வெள்ளைத் துண்டுகளைச் சாக்கோடு கொடுக்கிறார்கள். பளபளப்புத் தாளை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அது சீக்கிரம் மக்காது. காலுக்கு அடிடாஸ் கம்போங்தான். பால்மரம் சீவுகிறவர்கள் போடுகிற அதே ரப்பர் காலணி. சேற்றுச் சரிவில் அதன் பிடிப்பு எந்த விலையுயர்ந்த ஷூவுக்கும் வராது. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

ஓட்டம் முடிந்து எல்லாரும் வட்டமாகக் கூடுகிற சர்க்கிளில் என்னை ஐஸ்கட்டிமேல் உட்காரவைத்துப் பாடினார்கள். பீர் குடிக்காதவர்களுக்கு 100 பிளஸ் பானம் வைத்திருந்தேன், அதுதான் முதலில் தீர்ந்தது.

அடுத்த ஓட்டம் கோலாலம்பூரின் புக்கிட் கியாராவில். முன்பு பால்மரக் காடாக இருந்த இடம், செக் வைக்க மூலைமுடுக்கு நிறைய. வந்த வழியிலேயே திரும்பித் தேடவைக்கிற இந்த பேக் செக்கை அங்கே இரண்டு இடத்தில் வைக்கலாமா என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செமினியில் போட்ட பேப்பரை இன்னும் பொறுக்கவில்லை. நாளை விடியற்காலையில் அந்த அங்கிளும் கூட வருகிறாராம்.