தேற்றான்கொட்டையும் ஒன்றும் போடாத பாட்டிலும்

ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தபோது கையில் பத்து நாள்தான் இருந்தது. எரிமலை வேண்டாம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. சமையல் சோடாவும் வினிகரும் பொங்குவதை எத்தனை தடவை பார்ப்பது? என் அம்மாதான் தேற்றான்கொட்டையைச் சொன்னார். அவர் ஊரில் புதுவெள்ளம் வந்தால் குடத்தின் உட்புறத்தில் அதைத் தேய்த்துத்தான் தண்ணீரைத் தெளிய வைப்பார்களாம்.

நாட்டு மருந்துக் கடையில் கொட்டை வாங்கி, சந்தனக்கல்லில் இழைத்து, தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீரில் கலக்கினோம். அரை மணி நேரத்தில் பளிச்சென்று தெளிந்தது. மகள் குதித்தாள். "எதற்கும் ஒன்றும் போடாமல் ஒரு பாட்டில் வைத்துப் பார்" என்று நான் சொல்லித் தொலைத்தேன். அதுவும் அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது! அன்று இரவு அவள் என்னோடு பேசவில்லை.

மண் கனமானது, தானாகவே படிந்துவிடுகிறது. அப்புறம் களிமண்ணுக்கு மாறினோம். கரைத்து ஒரு மணி நேரம் விட்டு, மேலே நின்ற கலங்கலை மட்டும் இறுத்துக்கொண்டோம். அது மறுநாள் காலையிலும் கலங்கலாகவே இருந்தது. களிமண்ணின் நுண்துகள்களுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சீக்கிரம் அடியில் இறங்காது. கொட்டையில் உள்ள புரதமும் மாவுப்பொருளும் அவற்றைப் பிணைத்துத் திரளாக்கினால்தான் சீக்கிரம் படியும்.

சரி, எவ்வளவு இழைப்பது? ஒரு லிட்டருக்கு இருபது சுற்று என்பது மகளின் கணக்கு. ஆசைப்பட்டு அறுபது சுற்று இழைத்த பாட்டில் பால் மாதிரி ஆகிவிட்டது. தெளிவை அளக்கவும் அவளே வழி கண்டுபிடித்தாள்: பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளை ஒட்டி, எழுத்து படிக்கத் தெரியும் வரை கடிகாரம் பார்ப்பது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பாட்டிலில் படிகாரம் போட்டோம், அது முதலில் தெளிந்தது. தேற்றான் இரண்டாவது. பாட்டிக்கு அதில் வருத்தம்தான்.

மகள் எழுதிய சார்ட்டில் கை வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. கோணல் எழுத்தோடு அப்படியே விட்டுவிட்டேன்.

கண்காட்சியன்று கூட்டமெல்லாம் பக்கத்து மேசை எரிமலையில். நடுவராக வந்தவர் எங்கள் மூன்று பாட்டில்களையும் பார்த்துவிட்டு, "இதில் ஏன் ஒன்றும் போடவில்லை, மறந்துவிட்டாயா?" என்று கேட்டார். மகள் தோட்டத்து மண் கதையை முழுசாக, அழுததைத் தவிர்த்துவிட்டுச் சொன்னாள். "இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?" என்றார் அடுத்து. "கொதிக்க வச்சுத்தான் சார். தெளிஞ்சாலும் கிருமி இருக்கும்."

பரிசு வரவில்லை. மிச்சக் கொட்டைகளை அம்மா டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஒன்றும் போடாத பாட்டில் மட்டும் இன்னும் ஜன்னல் ஓரத்தில் நிற்கிறது. என்றைக்குத் தெளிகிறது என்று பார்க்க வேண்டுமாம், அதைக் கொட்டக் கூடாது என்று உத்தரவு.