கடைசிப் பத்தியில் 250 பேர்

2019 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை இரவு. நம்மூரில் மக்களவைத் தேர்தல் வேட்புமனு முடிய இரண்டே நாள் இருந்தது. பத்திரிகை டெஸ்க்கில் எல்லோரும் அதில் மூழ்கியிருக்க, தாய்லாந்து என் தலையில் விழுந்தது.

2014 ராணுவப் புரட்சிக்குப் பிறகு அங்கே நடந்த முதல் பொதுத்தேர்தல். புரட்சி நடத்திய பிரயுத்தை முன்னிறுத்திய கட்சி மொத்த ஓட்டில் முன்னால். முன்னாள் பிரதமர் தக்சின் தரப்பின் பியூ தாய் கட்சி தொகுதிகளில் முன்னால். நான் லீடில், அதாவது முதல் பத்தியில், வைத்தது வேறு. அன்றைய விதிப்படி, பிரதமரைத் தேர்ந்தெடுக்க கீழவையின் 500 எம்.பி.க்களோடு, ராணுவ ஆட்சி நியமிக்கும் 250 செனட்டர்களும் (மேலவை உறுப்பினர்கள்) ஓட்டுப் போடுவார்கள். 376 வேண்டும். செனட் கையில் இருந்தால் பிரயுத்துக்கு 126 எம்.பி. போதும்.

செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "எண்ணியே முடிக்கல, நீயே ரிசல்ட் சொல்றியா தம்பி?" என்றார்.

"ரிசல்ட் இல்ல சார், விதிமுறை."

"அப்போ கடைசிப் பத்தில வை."

வைத்தேன். ராத்திரி ஒரு விளம்பரம் வந்தது. கடைசிப் பத்தி போயிற்று. காலையில் 'தாய்லாந்தில் இழுபறி' என்று மட்டும் வந்தது. நியூசிலாந்திலிருந்து தாமதமாக வந்த 1,542 ஓட்டுகளை எண்ணாமல் விட்டதை மட்டும் பிறகு அவரே பெட்டிச் செய்தியாகக் கேட்டு வாங்கினார். அதுவும் நல்ல செய்திதான், சரி.

ஜூன் 5-ல் பிரதமர் ஓட்டெடுப்பில் பிரயுத் 500, எதிரணி வேட்பாளர் தனாதோர்ன் 244. நான் சொன்னதுதானே என்று அன்று தோன்றியது. அப்புறம் கணக்கைப் பிரித்தால், அந்த 500-ல் 251 பேர் எம்.பி.க்கள். கீழவையிலும் அவருக்குப் பெரும்பான்மை இருந்தது, மயிரிழையில். அப்படியானால் சார் சொன்னதில் தப்பென்ன? ஆனால் எதிரணிக்கு 376-ஐயும் எம்.பி.க்களிலிருந்தே திரட்ட வேண்டிய நிலை. ஜெயிக்கப்போவது யாரென்று தெரிந்தபின் இடைக்கட்சிகள் எந்தப் பக்கம் சாயும்? ஒற்றை சீட்டுக் கட்சிகள்கூட அந்தப் பக்கம் போனது கொள்கைக்காக என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். இதை என்னால் நிரூபிக்க முடியாது. டெஸ்க்கில் நிரூபிக்க முடியாததை லீடில் வைப்பதில்லை. அது நானே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் பாடம்.

2023 தேர்தலுக்குப் பின் 312 எம்.பி.க்களின் கூட்டணியோடு வந்த பிரதமர் வேட்பாளர் பிதா லிம்ஜாரோன்ராட்டுக்கு 324 ஓட்டுதான் கிடைத்தது. செனட்டில் ஓர் இடம் காலியாக இருந்ததால் அன்று 375 தேவை. அன்று செனட்டர்கள் முதல் வரியிலேயே வந்தார்கள். யாரும் வெட்டவில்லை. நடந்து முடிந்த செய்தியாயிற்றே.